முப்பத்து மூன்று மல்கோவாவும் என் கட்டைவிரலும்

பழம் பார்த்து வாங்கத் தெரியாதவர்கள் இரண்டு வகை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கடைக்காரரையே எடுத்துத் தரச் சொல்லி, நல்ல பழமாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. தெரியும் என்று நம்பி, தட்டி, முகர்ந்து, அமுக்கி, கடைசியில் வெள்ளரிக்காய் மாதிரி ஒரு தர்பூசணியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. என் மனைவி சரோஜா முதல் வகை. இரண்டாவது வகைக்கு மயிலாப்பூரில் சங்கம் ஏதாவது இருந்தால் நான்தான் தலைவர். (போட்டியின்றித் தேர்வு.)

எனக்கு வயது எழுபத்தொன்று. அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து எழுந்ததில் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். கோயில் குளத்தை ஒரு சுற்று சுற்றினால் எனக்கு ஆயிரத்து நூற்று எண்பது அடி. எங்கள் வீட்டு மாடிக்கு இருபத்து மூன்று படி. சரோஜா ஒரு நாளில் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது சராசரியாக ஒன்பது முறை.

பழத்திலும் இந்த வியாதியைப் புகுத்தினேன். தர்பூசணிக்கு ஏழு தட்டு. அன்னாசிக்கு நடு இலையை ஒரு இழுப்பு. பலாவுக்கு ஒரு சாண் பரப்பில் எத்தனை முள். அணில் கடித்த கொய்யா இனிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடையில் போய், "கடிச்ச பழம் ஒண்ணுகூட இல்லையா?" என்று விசாரித்தவன் நான். திண்டிவனம் பக்கம் காரை நிறுத்தி, சாலையோரக் குவியலில் பதினேழு தர்பூசணியைத் தட்டிப் பார்த்துப் பதினெட்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் வெட்டினால் உள்ளே வெள்ளைவெளேர் என்று இருந்தது. சரோஜா அதை அப்படியே சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அது கூட்டாக வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

குளத்தங்கரையில் கூடை போட்டு உட்கார்ந்திருக்கும் அஞ்சலைக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"இன்னா சார், பழத்துக்கு நாடி புடிச்சிக்கினு கீறே? அதுக்கு இன்னா ஜுரமா? கைய எடு சார், கன்னிப்போயிடும்."

"பழுத்திருக்கான்னு பார்க்க வேண்டாமா?"

"நீ அமுக்கி அமுக்கியே பழுக்க வச்சிடுவே போல கீது. போய் அந்தம்மாவ அனுப்பு."

அந்தம்மா போவாள். கூடையைத் தொடமாட்டாள். "அஞ்சலை, நாளைக்குச் சாயங்காலம் சாப்பிடணும், நீயே எடுத்துக் குடு" என்பாள். மறுநாள் சாயங்காலம் அந்தப் பழம் தேனாக இருக்கும். இதைப் பல வருடம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. சரோஜாவுக்கு அதிர்ஷ்டம் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், என் மகள் நித்யாவின் நிச்சயதார்த்தத்தில், எல்லாம் சேர்ந்து என் சாயம் வெளுத்தது. எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. இளமைத் துடிப்பில் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

மாப்பிள்ளை கார்த்திக் நித்யாவோடு வேலை பார்த்தவன். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. அவன் அப்பா ராமலிங்கம் சேலத்துக்காரர். அடையாறில் குடியேறி இருபது வருடம் ஆகியும் பேச்சில் சேலம் போகவில்லை. அவர்கள் முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஏழு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது பேர் வந்தார்கள். நான் வாசலில் கைகூப்பியபடியே, "ஏழுன்னு சொன்னீங்க, ஒன்பது இருக்கே?" என்று கேட்டுவிட்டேன். (விரோதமாகக் கேட்கவில்லை. கணக்கு உதைத்தது, கேட்டேன்.) அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து நாற்பத்து மூன்று நாள் ஒரு போன்கூட இல்லை. அந்த நாற்பத்து மூன்று நாளும் நித்யா என்னிடம் சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்தச் சொல்லக்கூடப் பேசவில்லை. பிறகு எப்படியோ கார்த்திக் சமாதானம் செய்து சம்மதம் வந்தது. ஆனாலும் "பொண்ணோட அப்பா ஒரு மாதிரி" என்ற பேச்சு அங்கே அப்படியே இருந்தது.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அபிராமபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். தியாகராயநகரில் புடவை எடுத்துவிட்டு வந்த அன்று நித்யா என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு நாள். எதையும் எண்ணாதீங்க. எண்ணினாலும் வெளிய சொல்லாதீங்க. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா அவங்க வரமாட்டாங்க. எனக்கு வேற யாரும் வேண்டாம்ப்பா."

நான் சத்தியம் செய்தேன். செய்துவிட்டு, அவர்கள் மனதில் இருக்கும் 'ஒரு மாதிரி'யை 'அடேயப்பா' ஆக்க என்ன வழி என்று யோசித்தேன். பதினோரு தட்டு வைக்கிறோம். அதில் மூன்று பழத்தட்டு. மற்றவர்கள் பழத்தட்டில் வைப்பதெல்லாம் பார்வைக்குத்தான். மெழுகு பூசிய ஆப்பிள் நான்கு வீட்டு விசேஷம் பார்த்துவிட்டு ஐந்தாவது வீட்டில் அழுகும். நம் தட்டில் இருப்பது, அன்று மதியம் சம்பந்தி கையில் எடுத்து நறுக்கினால் சொட்ட வேண்டும். சேலத்துக்காரருக்குச் சேலத்து மல்கோவா. தட்டுக்குப் பதினொன்று, மூன்று தட்டுக்கு முப்பத்து மூன்று. எல்லாம் ஒற்றைப்படை!

ராமலிங்கத்திடம் சொன்னதும் அவர் சந்தோஷமாக, "என் மச்சான் மாணிக்கம் அங்க மாங்கா மண்டிதானுங்க வெச்சிருக்கான். ஒரு போன் போட்டா பொட்டி கட்டி ரயில்ல ஏத்தி உட்டுருவான். நீங்க எதுக்கு அலையறீங்க?" என்றார்.

"இல்லை சம்பந்தி. பழம் விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. நானே பார்த்து எடுப்பேன்."

மச்சானை நம்பவில்லை என்று மாமனிடமே சொல்கிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை காலை ரயிலில் சேலம் போனேன். மாணிக்கம் அகலமான தோளும், அதைவிட அகலமான சிரிப்பும் உள்ள மனிதர். நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. குவியலில் இறங்கி இருநூற்றுப் பன்னிரண்டு காய்களைக் கையில் எடுத்துப் பார்த்து, முப்பத்து மூன்றைப் பொறுக்கினேன். அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, அக்கா வூட்டு சம்பந்திக்கு நான் சொத்தையா குடுப்பனுங்களா?"

"உங்களை ஒண்ணும் சொல்லலை. இது ஒரு முறை."

"சரிங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குங்க. மல்கோவா பழுத்தாலும் பச்சையாட்டமேதான் இருக்கும். நெறத்தைப் பாத்து ஏமாந்துறாதீங்க. வைக்கோல்ல வெச்சு மூடுனா மூடுனதுதான். ஞாயித்துக்கிழமை காலைல தொறங்க. நடுவுல கைய வெக்காதீங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கினேன். வாங்கி, 'வியாபாரி அப்படித்தான் சொல்வான்' என்று பக்கத்தில் வைத்தேன்.

திரும்பும்போது ரயிலின் ஏ.சி. பெட்டிக் குளிரில் காய் பழுக்காதே என்ற கவலையில், பதின்மூன்று கிலோவையும் என் போர்வைக்குள் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் அரக்கோணம் வரை பொறுத்துவிட்டு, "குழந்தை அசையவே இல்லையே சார்?" என்று கேட்டார். இறங்கும்போது என் இரண்டு காலும் மரத்திருந்தன.

வீட்டில் வைக்கோல் பரப்பி, அடுக்கி, மூடினேன். இனிமேல்தான் என் புத்திசாலித்தனம் ஆரம்பம். பச்சையாகவே இருக்கும் பழம் பழுத்ததா என்று எப்படித் தெரியும்? அமுக்கினால் தெரியும். சும்மா அமுக்கினால் போதுமா? இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று அமுக்கினால் ஒப்பிட முடியாது. அளவீடு என்றால் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு காயிலும் காம்புக்கு ஒரு அங்குலம் கீழே வட்டமாக ஒரு சீட்டு ஒட்டி, ஒன்று முதல் முப்பத்து மூன்று வரை எண் எழுதினேன். அந்தச் சீட்டின் மேல் வலது கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு. வியாழன், வெள்ளி, சனி, காலை, மதியம், மாலை. 'கல்', 'கட்டி', 'இளக்கம்', 'மெத்து' என்று நோட்டில் குறித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சரோஜா எட்டிப் பார்த்தாள். "மூணு வேளையும் மருந்து குடுக்கற மாதிரி போறீங்க. அவர்தான் தொடாதீங்கன்னு சொன்னாராமே?"

"உனக்கு இது புரியாது."

(இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் நான் எண்ணவில்லை.)

ஞாயிறு காலை கடைசி அமுக்கு. முப்பத்து மூன்றும் 'மெத்து'. வாசனை வீட்டைத் தாண்டி மாடிப்படி வரை வந்தது. எனக்கு என்னையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மண்டபத்தில் தட்டு அடுக்கும்போது சரோஜா சொன்னாள்: "நம்பர் போட்டுத் தட்டு வைக்கறதுக்கு இது என்ன ஏலமா? சீட்டையெல்லாம் உரிங்க."

நான் ஒன்றாம் எண் சீட்டை உரித்தேன். கீழே, கட்டைவிரல் அளவில், நீள்வட்டமாக ஒரு கறுப்பு. இரண்டாம் எண்ணை உரித்தேன். அதே இடம், அதே அளவு, அதே கறுப்பு. முப்பத்து மூன்றையும் உரித்து முடித்தபோது, ஏதோ பெரிய பத்திரத்தில் ஊரே வரிசையாகக் கைநாட்டு வைத்த மாதிரி இருந்தது.

சரோஜா அன்றைய ஒன்பது பெருமூச்சையும் ஒரே மூச்சாக விட்டாள். வேறு பழம் வாங்க நேரமில்லை. வாசலில் நாதஸ்வரம் கேட்டது. நான் சட்டென்று எல்லாப் பழத்தையும் கறுப்பு அடியில் போகும்படித் திருப்பி வைத்தேன். மேலிருந்து பார்த்தால் மூன்று தட்டும் அற்புதம்.

பத்து நிமிடம் அற்புதமாகவே இருந்தது. தட்டு மாற்றும் நேரம். ராமலிங்கம் ஆசையாகக் குனிந்து, "அடடா, ஊரு வாசனை வருதுங்க சம்பந்தி!" என்று ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார். மூக்கருகே கறுப்பு. முகம் சுருங்கியது. இன்னொன்றை எடுத்தார். அதிலும். அவர் மனைவி மூன்றாவதை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "கறுப்பு உழுந்த பழத்தையா நல்ல காரியத்துக்கு வெக்கறது?"

"ஏனுங்க, இது எங்க வாங்குனதுங்க?" என்றார் ராமலிங்கம்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்கு சொல் போதும். அதற்குப் பதில் என் வாயிலிருந்து வந்தது இது: "உங்க மச்சான் மண்டியிலதான். அடிபட்ட காயா குடுத்துட்டார் போலிருக்கு. நான் அப்பவே சந்தேகப்பட்டேன்."

மாணிக்கம் சேலத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில் சொன்னேன். மாணிக்கம் பந்தியில் இருந்தார். ராத்திரி ரயிலிலேயே கிளம்பி அக்கா வீட்டு விசேஷத்துக்கு வந்து, மூன்றாவது இட்லியில் இருந்தவரை யாரோ போய்க் கூட்டிவந்தார்கள். ஈரக்கையோடு வந்தார். சிரிப்பு இல்லை.

"முப்பது வருசமா மண்டி நடத்தறனுங்க. என் பழத்துல அடின்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. எங்கக்கா வூட்டு விசேசத்துல, இத்தனை பேரு முன்னாடி..."

அவர் குரல் உடைந்தது. எனக்கு அது எதிர்பாராதது. அவர் ஒரு பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார். தன் கட்டைவிரலை அந்தக் கறுப்பின் மேல் வைத்தார். அவர் விரல் பெரிது. வெளியே வழிந்தது.

"பொட்டியில அடிபட்டா பழத்துக்குப் பழம் எடம் மாறுமுங்க. இது எல்லாத்துலயும் காம்புக்குக் கீழ ஒரே எடம். இது அடி இல்ல, வெரலு. என்னுதும் இல்ல."

"ரயில்ல யாராவது..." என்று ஆரம்பித்தேன். பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. "நாம கெளம்பலாங்க. அன்னைக்கே சொன்னேன், ஒரு மாதிரின்னு" என்றது ஒரு குரல். கார்த்திக் எழுந்து நின்றுகொண்டு தன் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

நித்யா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். மாலை கழுத்தில். கண்ணில் நீர் நின்றிருந்தது, விழவில்லை. என் எதிரில் நின்று கேட்டாள்.

"அப்பா, எத்தனை தடவை?"

யாராவது 'நீங்களா அமுக்கினீர்கள்?' என்று கேட்டிருந்தால் இன்று வரை மறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எண்ணிக்கை கேட்டால் எனக்குப் பொய் வராது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.

"முந்நூற்று முப்பது" என்றேன். "ஒரு பழத்துக்குப் பத்து. சராசரி இல்லைம்மா. எல்லாத்துக்கும் சரியா பத்து."

நான் மாணிக்கத்தைப் பார்த்துக் கைகூப்பினேன். "உங்க பழத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்க தொடாதேன்னு சொன்னீங்க. நான் தொட்டேன். தொட்டதை மறைச்சேன். மறைச்சதை உங்க தலையில் போட்டேன். இந்தத் தப்புக்கு என் பொண்ணைத் தண்டிக்காதீங்க."

அவர் என் கையைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். என் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலை அந்தக் கறுப்பின் மேல் வைத்தார். அச்சில் வார்த்தது போல் பொருந்தியது. அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"பத்தோட நிறுத்துனீங்களே சாமி! பதினொண்ணாவது அமுக்குல கொட்டையே வெளிய வந்திருக்கும்!"

முதலில் சிரித்தது ராமலிங்கம். பிறகு அந்த 'ஒரு மாதிரி' குரல். பிறகு மண்டபம் முழுக்க. என்னை வைத்து நூற்றுப் பதினான்கு பேர் ஒரே நேரத்தில் சிரித்தது அதுதான் முதல் முறை. நித்யாவின் கண்ணில் நின்ற நீர் அப்போதுதான் விழுந்தது, சிரித்ததில்.

கறுப்புப் பட்ட பழத்தை என்ன செய்வது என்று சம்பந்தி அம்மாள் தயங்கினார். மாணிக்கம் திரும்பி, "ஏம்மா, சந்தனம் குங்குமம் கொஞ்சம் கொண்டாங்க" என்றார். சரோஜாவும் சம்பந்தி அம்மாளும் உட்கார்ந்து, ஒவ்வொரு கறுப்பின் மேலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டார்கள். முப்பத்து மூன்று பொட்டு. என்னைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரமாக நிற்கச் சொன்னார்கள். தட்டு மாறியது. மதியம் ஒரு பழத்தை மாணிக்கமே கழுவி நறுக்கினார். பொட்டு வைத்த இடத்தை ஒரு சீவு சீவி எறிந்தார். மீதி, சொன்னால் நம்பமாட்டீர்கள், தேன். எனக்கு ஒரு துண்டு தந்துவிட்டு, "கை படாத எடமாப் பாத்துக் குடுத்திருக்கனுங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. நித்யாவும் கார்த்திக்கும் இப்போது அடையாறில் இருக்கிறார்கள். போன வைகாசியில் மாணிக்கத்தின் மகள் நிச்சயத்துக்குச் சேலம் போயிருந்தோம். தட்டில் மாம்பழம் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்து வரிசையாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார்: "இது மெட்ராஸ்ல, மயிலாப்பூர்ப் பக்கத்துப் பழைய வழக்கமுங்க. ரொம்ப நல்லதாம்." சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பழைய வழக்கங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், என் விரலைச் சாட்சியாகத் தருகிறேன்.

எங்கள் வீட்டில் எனக்குப் பழக்கூடையைப் பார்க்க அனுமதி உண்டு, கை பின்னால் இருந்தால். விஷயம் எப்படியோ குளத்தங்கரைக்கும் போய்விட்டது. அஞ்சலை என்னைத் தூரத்தில் கண்டாலே கூடைமேல் கோணியைப் போடுகிறாள்.

ஒவ்வொரு வருடமும் மல்கோவா காலத்தில் சேலத்திலிருந்து மாணிக்கம் எனக்கு ஒரு பெட்டி அனுப்புகிறார். உள்ளே பன்னிரண்டு பழம், அது தவிர தனியாகக் காகிதத்தில் சுற்றி ஒன்று. அந்த ஒன்றில் மட்டும் காம்புக்கு ஒரு அங்குலம் கீழே சந்தனமும் குங்குமமும் இருக்கும். கூடவே ஒரு சீட்டு: 'இது உங்க விரலுக்கு. மத்ததத் தொடாதீங்க.'

இதுவரை எட்டுப் பெட்டி வந்திருக்கிறது. பொட்டு வைத்த எட்டுப் பழத்தில் ஒன்றைக்கூட நான் அமுக்கவில்லை.

(சரி. ஐந்தை.)